டீக்கடை பாய்லரும் 45 நாள் இன்டர்ன்ஷிப்பும்

ஆறாவது செமஸ்டரில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் 45 நாள் வேலை பார்த்துக் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விஸ்காம் துறையின் விதி. என்னோடு படித்தவர்களில் பலருக்குத் திருநெல்வேலியிலேயே இடம் கிடைத்துவிட்டது. போட்டோ ஸ்டுடியோ, லோக்கல் சேனல், விளம்பர ஏஜென்சி என்று ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு கேம் ஆர்ட்டிஸ்ட் ஆக வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள எந்த வாசலில் போய் நிற்பது என்று எங்கள் ஊரில் கேட்கக்கூட ஆள் இல்லை. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "விளையாட்டுக்குப் படம் வரையிறதுக்குச் சம்பளம் கொடுப்பாங்களா?" கொடுப்பார்கள் என்றேன். யார், எங்கே என்று அவர் அடுத்துக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடி எட்டு மாதம் ஓடியது. அதில் ஐந்து வாரம் ஒரு டீக்கடை பாய்லரோடு போனது. எனக்குக் கதவு திறந்தது அந்த ஐந்து வாரத்தால்தான். அதனால் அதைத்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன்.

2025 ஆகஸ்ட்டில் 31 ஸ்டுடியோக்களுக்கு மெயில் அனுப்பினேன். அப்போது என் போர்ட்ஃபோலியோவில் இருந்தவை: வாள் ஏந்திய பெண்கள் நான்கு பேர், இரண்டு டிராகன், ஒரு மிதக்கும் தீவு, நண்பர்களின் முகங்களை அனிமே பாணியில் வரைந்தவை ஒரு பத்து. ஒவ்வொன்றையும் ஆசையாக, ராத்திரி முழித்திருந்து வரைந்தேன். நான்கு பதில்கள் வந்தன. மூன்று, "இப்போது இடமில்லை." நான்காவதில் மட்டும் யாரோ நேரம் ஒதுக்கி இரண்டு வரி எழுதியிருந்தார்கள். படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் எங்கள் ப்ராஜெக்ட்டில் உங்களை எந்த வேலையில் உட்கார வைப்பது என்று இவற்றைப் பார்த்துத் தெரியவில்லை என்று. அந்த இரண்டு வரிக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

ஐந்தாவதாக ஒரு போனும் வந்தது. ஒரு பயிற்சி நிறுவனத்தில் இருந்து. 15,000 ரூபாய் கட்டினால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம், நேரில்கூட வர வேண்டாம் என்றார்கள். அம்மா நகையை வைத்துக் கொடுக்கத் தயாராகிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னை வேலைக்கு வைத்துக்கொள்ள உன்னிடமே பணம் கேட்கிறவர்களிடம் வேலை இல்லை. இதைப் படிக்கிற தம்பி தங்கைகள் யாருக்காவது அப்படிப் போன் வந்தால் அப்போதே வைத்துவிடுங்கள்.

சரி, ஸ்டுடியோவில் என்ன வேலைதான் நடக்கிறது என்று அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். இதை மெயில் அனுப்பும் முன்பே செய்திருக்க வேண்டும். இந்தியாவில் கேம் ஆர்ட் வேலையின் பெரும் பகுதி வெளிநாட்டு கேம்களுக்குப் பொருட்களும் சூழலும் செய்து கொடுக்கிற வேலை. பெங்களூருவில் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இதில் முன்னோடி. 2019இல் அதை ராக்ஸ்டார் என்ற வெளிநாட்டு கேம் நிறுவனம் வாங்கியது. குர்கானில் தொடங்கிய லக்ஷ்யா டிஜிட்டலை 2014இல் கீவேர்ட்ஸ் ஸ்டுடியோஸ் வாங்கியது. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் நிறுவனத்துக்குப் புனேயிலும் மும்பையிலும் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. இவற்றைத் தவிர, ஐந்து பேர், பத்து பேர் சேர்ந்து மொபைல் கேம் செய்கிற சின்ன ஸ்டுடியோக்கள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் எங்கும் உண்டு. கேரக்டர் செய்கிறவர் ஒருவர் என்றால், நாற்காலி, விளக்குக் கம்பம், பெட்டி, குழாய், கதவு செய்கிறவர்கள் பலர் வேண்டும். ஒரு தெருவை உருவாக்க நூற்றுக்கணக்கான பொருட்கள் தேவை. இவற்றுக்கு ப்ராப் என்று பெயர். புதிதாக வருகிற மாணவர் கையில் முதலில் கொடுப்பது அதைத்தான். என் போர்ட்ஃபோலியோவில் ஒரு நாற்காலிகூட இல்லை.

அதனால் ஒரே ஒரு பொருளை, ஸ்டுடியோவில் செய்வது போலவே தொடக்கம் முதல் கடைசி வரை செய்து முடிப்பது என்று முடிவெடுத்தேன். எந்தப் பொருள்? இணையத்தில் எல்லா மாணவர்களும் செய்வது மரப்பீப்பாய், புதையல் பெட்டி, பழைய துப்பாக்கி. அவற்றில் எதையும் நான் கையால் தொட்டதில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் நான் தினமும் பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே இன்னும் கேஸ் அடுப்புக்கு மாறாத, கரி போட்டு எரிக்கிற செம்பு பாய்லர். நடுவில் கரி எரிகிற குழல், சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் அள்ளுகிற வாசல், முன்னால் பித்தளைக் குழாய், மேலே பால் சட்டி. செம்பு, பித்தளை, இரும்பு, கரி, சாம்பல், பால் என்று இத்தனையும் ஒரே பொருளில். இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று தோன்றியது.

முதல் நாள் போனில் நாலைந்து படம் எடுத்ததுமே கடை அண்ணாச்சி கேட்டார்: "எதுக்கும்மா போட்டோ பிடிக்கிய? ஃபுட் சேஃப்டி ஆளா?"

இல்லை அண்ணாச்சி, காலேஜ் வேலை, உங்க பாய்லரை கம்ப்யூட்டரில் செய்யப்போறேன் என்றேன். அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில், ரெண்டு மணிக்கு மேல் வரச் சொன்னார். தையல் டேப்போடு போனேன். உடம்பின் விட்டம் 38 சென்டிமீட்டர், உயரம் 48. அடிப்பாகத்தையும் மேல்வளையத்தையும் சேர்த்தால் 71. சூடாக இருந்ததால் டேப்பை நேராகச் சுற்ற முடியவில்லை. ஒரு சணல் கயிற்றை அவரே சுற்றிக் கொடுத்தார், நான் கயிற்றை அளந்தேன். சுற்றளவு 119 வந்தது. அளவு முக்கியமா என்று கேட்டால், மிக முக்கியம். கேமை ஓட வைக்கிற மென்பொருளான கேம் எஞ்சினுக்குள் ஒரு மனித உருவத்தின் பக்கத்தில் பாய்லர் நிற்கும்போது, அளவு பத்து சென்டிமீட்டர் பிசகினாலும் அது பொம்மை போலத் தெரியும். ஏன் அப்படித் தெரிகிறது என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை ஆரம்பித்தேன். இலவசம், என் 8 ஜிபி லேப்டாப்பிலும் ஓடும். முதல் வாரம் முடிவில் மாடல் அழகாக இருந்தது. கேமில் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால் 11,200. டீக்கடையின் ஓரத்தில் நிற்கிற ஒரு பொருளுக்கு இது மிக அதிகம். எங்கே போயின இவ்வளவு என்று ஒவ்வொரு பாகமாக மறைத்துப் பார்த்தேன். குழாயின் மரையில் மட்டும் 3,400! அந்த மரை பாய்லருக்குள் திருகி உள்ளே போய்விடுகிறது, வெளியே ஒரு சுற்றுகூடத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து இரண்டு மாலை நேரத்தைச் செலவழித்திருக்கிறேன். மரையை மொத்தமாக நீக்கினேன். அடிப்பாகத்தின் உள்பக்கத்தையும், சுவரை ஒட்டிய திருகுகளையும் எடுத்தேன். ஆனால் உடம்பின் வட்டத்தில் கை வைக்கவில்லை. 32 பக்கங்கள் அப்படியே இருந்தன, ஏனென்றால் ஓரக்கோடு கரடுமுரடாகத் தெரிந்தால் எவ்வளவு நல்ல டெக்ஸ்ச்சர், அதாவது மேலே ஒட்டுகிற படம், போட்டாலும் காப்பாற்ற முடியாது. கடைசியில் 4,600 முக்கோணங்கள். படத்தில் பழைய மாடலுக்கும் புதியதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்தது யூவி. பாய்லரின் தோலை உரித்து ஒரு சதுரத் தாளில் விரிப்பது போன்ற வேலை இது. என்னிடம் இருந்த தாள் 2048க்கு 2048 பிக்சல். ஒரு சென்டிமீட்டருக்கு 10.24 பிக்சல், அதாவது மீட்டருக்கு 1024 என்று முதலில் விரித்தேன். எல்லாம் சுலபமாக அடங்கியது, பாதிக்கு மேல் இடம் மிச்சம்கூட. ஆனால் பாய்லரின் நெற்றியில் அண்ணாச்சி தினமும் பூசுகிற விபூதிப் பட்டை இருக்கிறதே, மூன்று விரல் கோடுகள், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் வெறும் மூன்று பிக்சல். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று கோடும் கலந்து ஒரே வெள்ளை மேகம். அந்தப் பட்டை இல்லாவிட்டால் அது எந்த ஊர் பாய்லராகவும் இருக்கலாம். விட மனசில்லை. இரட்டிப்பாக்கி, சென்டிமீட்டருக்கு 20.48 என்று வைத்தேன். இப்போது உடம்பின் சுற்றளவு மட்டும் 2,400 பிக்சலைத் தாண்டியது, தாளில் அடங்கவில்லை. குழாய்க்குப் பின்னால் ஒரு வெட்டு, சுவர்ப் பக்கம் ஒரு வெட்டு என்று இரண்டு பாதியாக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒவ்வொன்றும் 1,222க்கு 983. இரண்டும் சேர்ந்து தாளின் உயரத்தை ஏறக்குறைய நிரப்பின. மிச்சமிருந்த 800 பிக்சல் அகலப் பட்டையில் குழாய், மூடி, அடிப்பாகம், கைப்பிடிகள் எல்லாம். இந்த அடுக்கல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியைச் செய்து மறுபாதிக்கு அதையே கண்ணாடிப் பிம்பமாகப் போட்டிருந்தால் இடம் மிச்சமாகியிருக்கும். ஆனால் பாய்லரின் இடமும் வலமும் ஒன்றல்ல. அதற்கு இனி வருகிறேன்.

பேக் செய்யும்போது, அதாவது நுணுக்கமான பெரிய மாடலின் நசுங்கல்களையும் விளிம்புகளையும் சின்ன மாடலின் மேடுபள்ளத்தை நிறங்களாகக் குறித்துவைக்கிற நார்மல் மேப் என்ற படத்தில் பதியும்போது, குழாய் உடம்போடு சேருகிற இடத்தில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள் வந்தன. ஒரு பாகத்தின் விவரம் பக்கத்துப் பாகத்தில் போய்ப் பதிந்துவிட்டது. பாகங்களுக்குப் பெயர் வைத்து, அதே பெயருள்ளதோடு மட்டும் பொருத்தும்படி அமைத்ததும் சரியானது. பெயர் வைப்பதை அதுவரை நான் வேலையாகவே நினைத்ததில்லை. என் ஃபைலில் சிலிண்டர் 14, சிலிண்டர் 15 என்றுதான் இருந்தது.

இனி டெக்ஸ்ச்சர். இதுதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்த பகுதி.

மாடலின் மேல் நிறமும் கறையும் பூசுகிற சப்ஸ்டன்ஸ் பெயின்டர் மென்பொருள் கல்லூரி லேபில் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு லேபைப் பூட்டிவிடுவார்கள், அதுவரைதான். முதலில் செம்பு என்றதும் கருஞ்சிவப்பாக ஒரு நிறத்தை எடுத்துப் பூசினேன். துருப்பிடித்த பிளாஸ்டிக் வாளி மாதிரி வந்தது. சுத்தமான செம்பின் அடிப்படை நிறம் நாம் நினைப்பதைவிட மிக வெளிர். சிவப்பு, பச்சை, நீலம் முறையே 250, 209, 194 என்ற அளவில், கிட்டத்தட்ட ரோஜா இதழின் உள்பக்கம் போல. உலோகத்துக்கு அழுத்தத்தைக் கொடுப்பது அது பிரதிபலிக்கிற சுற்றுப்புறம். கறுத்த பகுதி, பச்சைப் பிடித்த பகுதி, கரி, உப்புக்கறை எதுவும் உலோகம் அல்ல, உலோகத்தின் மேல் உட்கார்ந்திருப்பவை. எது உலோகம், எது இல்லை என்று சொல்லுகிற மெட்டாலிக் மேப்பில் அவை கறுப்பாக இருக்க வேண்டும். இது புரிந்த அன்றைக்குப் பாய்லர் முதல்முறையாக உலோகம் மாதிரி தெரிந்தது.

அப்புறம் தேய்மானம். மென்பொருளில் ஒரு வசதி உண்டு: ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லா விளிம்பிலும் பளபளவென்று கீறல் விழுந்து பொருள் பழசாகிவிடும். தட்டினேன். அழகாகத்தான் இருந்தது. ஸ்க்ரீனைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் கடையில் டீயை வாங்கிக்கொண்டு பாய்லரையும் அந்தப் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு இடம்கூட ஒத்துப்போகவில்லை.

மேல் விளிம்பில் கீறலே இல்லை. அங்கே பால் பொங்கி வழிந்து, காய்ந்து, மறுபடி பொங்கி, பழுப்பும் கறுப்புமாக ஒரு தடித்த வளையம். பளபளப்பு இருந்தது குழாயின் திருகில், அதுவும் ஒரே பக்கம். மாஸ்டர் வலது கையின் கட்டைவிரல் படுகிற பக்கம் பொன் மாதிரி மின்னியது, மறுபக்கம் மங்கல். குழாய்க்கு நேர் கீழே, தண்ணீர் சொட்டிச் சொட்டி உப்பு படிந்து வெள்ளையாக ஒரு கோடு. அது நேராக இறங்கவில்லை, ஒரு நசுங்கலைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வளைந்து போனது. சாம்பல் வாசலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குச் செம்பு நீலமும் ஊதாவுமாக வெந்திருந்தது. முன்பக்கம் முழுக்கப் புளி போட்டுத் துலக்கிய பளபளப்பு. எட்டிப் பின்பக்கம் பார்த்தால் கன்னங்கறுப்பு, அடியில் பச்சை.

"பின்பக்கம் துலக்க மாட்டீங்களா அண்ணாச்சி?"

"பின்னால யாரு பாக்கப் போறா? சுவர ஒட்டி இருக்கு, கை போவாதுல்லா."

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன் அவர் துலக்குவதைப் பார்க்கப் போனேன். கை எட்டுகிற தூரம் வரைதான் பளபளப்பு. அந்த எல்லைக்கோடு நேர்கோடு இல்லை. வலதுபக்கம் அதிகமாகவும் இடதுபக்கம் குறைவாகவும் ஒரு வில் போல வளைந்திருந்தது. அவருடைய தோள் நிற்கிற இடத்தை மையமாக வைத்து வரைந்த வில் அது. அன்று மத்தியானம் லேபுக்குப் போய் அந்தப் பொத்தான் வைத்த கீறல்கள் எல்லாவற்றையும் அழித்தேன். வெறும் பிரஷ்ஷால், ஒவ்வொரு கறையையும் கையால் வரைந்தேன். பால் வளையம் தனி லேயர். உப்புக்கோடு தனி. துலக்கிய வில் தனி. விபூதியை மட்டும் நான் வரையவில்லை. அம்மாவின் பூஜைத் தட்டில் என் விரலால் மூன்று கோடு இழுத்து, அதைப் போட்டோ எடுத்து, நிறம் எங்கே விழ வேண்டும் என்று காட்டுகிற முகமூடியாக (மாஸ்க்) போட்டேன். விரல் தொடங்குகிற இடத்தில் தடிப்பாகவும் முடிகிற இடத்தில் பொடிப்பொடியாகவும் அது விழுந்தது.

அன்ரியல் என்ற கேம் எஞ்சினுக்குள் கொண்டுபோனபோது இரண்டு கோளாறுகள். நசுங்கல்கள் எல்லாம் கொப்பளங்களாகப் புடைத்து நின்றன. மாடலைத்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து ஒரு ராத்திரி முழுக்க மறுபடி பேக் செய்தேன். பிரச்சினை அதில் இல்லை. நார்மல் மேப்பின் பச்சைச் சேனலை அன்ரியல் ஒரு திசையில் படிக்கிறது, பிளெண்டரும் யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினும் அதற்கு நேர் எதிர்த் திசையில் படிக்கின்றன. அன்ரியலில் அந்த டெக்ஸ்ச்சரைத் திறந்து பச்சைச் சேனலைத் திருப்புகிற ஒரு டிக் போட்டால் போதும். இரண்டாவது, முழுப் பாய்லரும் எண்ணெய் தடவிய மாதிரி பளபளத்தது. எந்த இடம் சொரசொரப்பு, எந்த இடம் வழவழப்பு என்று சொல்லுகிற ரஃப்னஸ் மேப்பை நிறப்படமாக நினைத்து எஞ்சின் அதன் எண்களை மாற்றிவிட்டது. அந்த மேப்புக்கு, நிறப்படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி என்ற டிக்கை எடுத்தேன், சரியாகிவிட்டது. இந்த இரண்டும் எல்லோருக்கும் ஒருமுறை வரும். வரும்போது மாடலைத் திரும்பச் செய்யாமல் முதலில் இந்த இரண்டு டிக்குகளைப் பாருங்கள்.

முடித்த படத்தை அண்ணாச்சியிடம் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். "நம்ம பாய்லருதான்" என்றார். அப்புறம், "சாம்பல் வாசலுக்குக் கொண்டி எங்க?" என்றார். வாசல் தகட்டைப் பூட்டுகிற சின்ன இரும்புக் கொண்டி. நான் எடுத்த அறுபது போட்டோவிலும் அது அவருடைய துண்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அன்று ராத்திரியே செய்து சேர்த்தேன், 84 முக்கோணம்.

இப்போது போர்ட்ஃபோலியோவை மாற்றினேன். டிராகன், தீவு, அனிமே முகங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கலைஞர்கள் தங்கள் வேலையைக் காட்டுகிற ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் பாய்லரை மட்டும் வைத்தேன்: முடிந்த படம், நான்கு பக்கங்கள், முக்கோணக் கோடுகள் தெரிகிற வயர்ஃபிரேம், யூவி தாள், ஒவ்வொரு மேப்பும் தனியாக, கடைசியில் கடையில் எடுத்த மூன்று போட்டோக்கள். முக்கோண எண்ணிக்கையும் டெக்ஸ்ச்சர் அளவும் படத்தின் கீழேயே. மெயிலையும் ஆறு வரியாகக் குறைத்தேன். தலைப்பில் "ப்ராப் ஆர்ட் இன்டர்ன், ஜனவரி, 45 நாள்." முதல் வரியில் லிங்க். யார், எங்கே படிக்கிறேன், எந்த மென்பொருள் தெரியும், எந்தத் தேதியில் இருந்து வர முடியும். சிறுவயது முதல் கேம் பிடிக்கும் என்ற பத்தியை எடுத்துவிட்டேன். அதுதான் எல்லோரும் எழுதுவது.

நவம்பரில் இந்தியா கேம் டெவலப்பர் கான்ஃபரன்ஸ் சென்னையில் நடந்தது. பல ஆண்டுகளாக ஹைதராபாத்தில் நடந்துவந்த கூட்டம், 2025இல் நம் பக்கம் வந்தது. ராத்திரி ரயிலில் ஏறி ஒரு நாள் மட்டும் போனேன். தோழியின் டேப்லெட்டைக் கடன் வாங்கியிருந்தேன். பேச்சுக்களைக் கேட்கப் பெரிதாக உட்காரவில்லை. ஸ்டால்களில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, "ஒரு ப்ராப் பார்த்துச் சொல்ல முடியுமா அண்ணா, ஒரு நிமிஷம்தான்" என்று கேட்டுக்கொண்டே போனேன். பதினொரு பேர் பார்த்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் முடிந்த படத்தை இரண்டு நொடி பார்த்துவிட்டு நேராக வயர்ஃபிரேமுக்குத்தான் போனார்கள். மூடியின் நடுவில் முக்கோணங்கள் ஒரே புள்ளியில் குவிவதை மூன்று பேர் தனித்தனியாகச் சுட்டிக்காட்டினார்கள். ஒருவர் உப்புக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது ஏன் இடதுபக்கம் திரும்புது?" என்று கேட்டார். அங்கே ஒரு நசுங்கல் இருக்கு அண்ணா என்று நார்மல் மேப்பைக் காட்டினேன். அவர் ஒரு சின்ன மொபைல் கேம் ஸ்டுடியோவின் ஆர்ட் லீட். தன் மெயில் ஐடியை எழுதிக் கொடுத்து, டிசம்பரில் ஒரு டெஸ்ட் அனுப்புகிறேன் என்றார்.

டெஸ்ட் வந்தது. ஒரு கைவிளக்கு, 1,500 முக்கோணம், 1024 டெக்ஸ்ச்சர், நான்கு நாள். கொடுத்த படத்தில் விளக்கின் கண்ணாடிக் கதவு திறக்குமா என்பது தெளிவாக இல்லை. திறக்கும் என்றால் கீல் தனியாக வேண்டும், கதவு சுழல்கிற மையப்புள்ளி கீலில் இருக்க வேண்டும். முதல் நாளே மெயிலில் கேட்டேன். திறக்கும் என்று பதில் வந்தது. நான்காம் நாள் மாலை அனுப்பினேன். கரி படிந்த இடம் இன்னும் நன்றாக வந்திருக்கலாம், நேரம் போதவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினேன். டெஸ்ட் எழுதிய மற்ற யாரும் கதவைப் பற்றிக் கேட்கவில்லை என்று லீட் அண்ணா பின்னால் சொன்னார்.

ஜனவரியில் சேர்ந்தேன். மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை. வேளச்சேரியில் தங்கிய ஹாஸ்டலுக்கு 7,000 போனது. மீதிக்கு அப்பா அனுப்பினார். வீட்டு நிலைமை இடம் கொடுக்காத பிள்ளைகளுக்கு இது பெரிய தடை, அதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வகுப்பிலேயே என்னைவிட நன்றாகச் செய்கிற ஒருத்தி இதனால்தான் ஊரிலேயே இருந்துவிட்டாள். அவளுக்கு நான் சொன்ன வழி கேம் ஜாம், அதாவது குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒரு சின்ன கேம் செய்து முடிக்கிற நிகழ்வு. குளோபல் கேம் ஜாம் 2009இல் இருந்து ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நடக்கிறது. அதைத் தவிர சின்ன கேம்களை வெளியிடுகிற இட்ச் தளத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு ஜாம் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருந்தபடியே ஒரு ப்ரோகிராமரோடு சேர்ந்து, ஒரு கெடுவுக்குள், இன்னொருவர் திறந்து பயன்படுத்துகிற ஃபைலைக் கொடுத்த அனுபவம் அதில் கிடைக்கும். ஸ்டுடியோக்கள் அதை மதிக்கின்றன.

முதல் இரண்டு வாரம் நான் எதையும் புதிதாகச் செய்யவில்லை. ஸ்டுடியோ வாங்கி வைத்திருந்த 140 ப்ராப்களின் பெயர்களைத் திருத்தினேன், மையப்புள்ளிகளை அடிப்பாகத்துக்குக் கொண்டுவந்தேன், அளவு தவறியவற்றைச் சரிசெய்தேன், மோதலைக் கண்டுபிடிக்கும் எளிய பெட்டிகளை ஒவ்வொன்றுக்கும் போட்டேன். கைகள் துறுதுறுத்தன. ஆனால் 140 பொருட்களை மற்றவர்கள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று உள்ளே பிரித்துப் பார்க்க எனக்கு வேறு எப்படி வாய்த்திருக்கும்? எங்கே முக்கோணத்தை மிச்சப்படுத்துகிறார்கள், எங்கே தாராளமாகச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாம் வாரம் ஒரு மின்கம்பம் கொடுத்தார்கள். அப்புறம், தூரத்தில் இருந்து பார்க்கும்போது காட்டுகிற அதன் எளிய வடிவங்கள், 900 முக்கோணத்தில் ஒன்று, 300இல் ஒன்று, 60இல் ஒன்று. அந்த 60இல் கம்பத்தை இன்னும் கம்பமாகக் காட்டுவதுதான் மூன்றிலும் கடினமாக இருந்தது.

சேர்ந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய ஒன்றை நான் முப்பதாவது நாள்தான் கேட்டேன்: இங்கே செய்த எதை வெளியே காட்டலாம்? கேம் வெளியாகும் வரை எதையும் காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். லீட் அண்ணா பேசி, கேமில் வராத இரண்டு சோதனை ப்ராப்களை மட்டும் காட்ட அனுமதி வாங்கித் தந்தார். சான்றிதழில் "இன்டர்ன்" என்று பொதுவாகப் போடாமல், என்னென்ன வேலை செய்தேன் என்று வரி வரியாக எழுதித் தரச் சொல்லியும் கேட்டேன். தந்தார்கள்.

மே மாதம் தேர்வுகள் முடிகின்றன. ஜூனில் பெங்களூருவில் இருந்து ஒரு டெஸ்ட் வருவதாக இருக்கிறது. அதற்குள் அடுத்த ப்ராப்பை முடிக்க வேண்டும். அம்மாவின் மிதி தையல் மெஷின். நேற்று அளவெடுத்தேன். மரப்பலகையில் அம்மா துணியைத் தள்ளுகிற இடதுபக்கம் பாலிஷ் போய் வெளுத்திருக்கிறது, வலதுபக்கத்தில் கத்தரிக்கோல் வைத்து எடுத்து வைத்து எடுத்து ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. மிதியில் இரண்டு பாதங்களின் தடம். வலது குதிகால் கொஞ்சம் ஆழம்.